போனைப் பிடுங்கும் மேலாளர்களுக்கு

சென்ற மாதம் தெரிந்தவரின் பின்னலாடை ஏற்றுமதி அலுவலகத்துக்குப் போயிருந்தேன். நுழைவிலேயே ஒரு பிளாஸ்டிக் கூடை, அதில் ஊழியர்களின் போன்கள். புதிதாக மேலாளரான தம்பி பெருமையாகக் காட்டினார். திருப்பூரில் மேலாளராக நான் வைத்த கூடை பச்சை நிறம், இது நீலம். வேறு வித்தியாசம் இல்லை.

கூடை வைப்பது

மூன்றாம் நாளே எல்லோரும் கணினியில் வாட்ஸ்அப்பைத் திறந்துவிட்டார்கள். சாயப்பட்டறையிலிருந்து வந்த அழைப்பை எடுக்கத்தான் ஆளில்லை.

குரூப் தொடங்கி உடனே பதில் கேட்பது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது, முதலில் என் மேல்தான். கட்டிங், சாம்பிள், பேக்கிங் என்று பதினொரு குரூப் வைத்திருந்தேன். நீல டிக் விழுந்தும் பதில் வராவிட்டால் மேசைக்கே போய் நிற்பேன். தனி உரையாடலில் நீல டிக்கை அணைத்துவைக்கலாம், குரூப்பில் அதற்கும் வழியில்லை.

ஒருநாள், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் ஒருவர் சைஸ் லேபிளுக்கு ஆர்டர் போட்டுக்கொண்டிருந்தார். அந்த அரை மணி நேரத்தில் வேறு வேறு ஆர்டர்களைப் பற்றி நான்கு கேள்விகள் அனுப்பினேன். எம் (M) அளவின் எண்ணிக்கை எல் (L) அளவுக்குப் போய்விட்டது. பேக்கிங்கில் லேபிள் பற்றாதபோதுதான் தெரிந்தது. மறுபடி அச்சடிப்பதற்குள் கப்பல் போய்விட, சரக்கை விமானத்தில் அனுப்பினோம். அந்த ஆர்டரின் லாபம் அதிலேயே கரைந்தது.

“போனையே பார்த்துக்கொண்டிருந்தால் இப்படித்தான்” என்று அவரைத் திட்டினேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தது என் செய்திகளை.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகப் பேராசிரியர் குளோரியா மார்க், இடையில் விட்ட வேலைக்குத் திரும்பச் சராசரியாக 23 நிமிடங்களுக்கு மேல் ஆவதாகக் கணக்கிட்டார். அரை மணியில் நான்கு கேள்வி கேட்டவன் அந்தக் கணக்கை எந்த முகத்தோடு படிப்பது?

இப்போது இரண்டே குரூப். அவசரம் என்றால் அழைப்பேன். மற்றவற்றுக்கு மாலை 4 மணிக்குள் பதில் வந்தால் போதும். ஆர்டர் போடும் வேலை முழுக்கக் காலையில். ஜெர்மனியில் காலை 9 மணி ஆகும்போது இங்கே கோடையில் பகல் 12.30, குளிர்காலத்தில் 1.30. அதுவரை அங்கே சரக்கு வாங்கும் பையரின் மெயிலும் தொல்லை தராது.

கண்காணிப்பு மென்பொருள்

வாங்காதீர்கள். மவுஸை அசைத்துக்கொண்டே உட்காரப் பழகிவிடுவார்கள்.

வீட்டிலிருந்து வரும் அழைப்பு

எடுக்கவிடுங்கள்.

இரவுச் செய்தி

இரவு 10 மணிக்கு “நாளை காலை” என்று தொடங்கும் செய்தியை நாளை காலையே அனுப்புங்கள்.