பெரும் பணக்காரர் பிளாக்ஜாக் மேசைக்கு வந்தால்: திருமலையிலிருந்து கசினோ வேலைக்குப் போவோருக்கு

திருகோணமலையில் கசினோ இல்லை. ஆனாலும் நிலாவெளியிலும் உப்புவெளியிலும் சீசன் முடிந்து ஹோட்டல் வேலை குறையும்போது, கொழும்பில் டீலர் (மேசையில் சீட்டுப் போடுகிறவர்) வேலைக்கோ கப்பல் கசினோவுக்கோ முயல்கிறவர்கள் இருக்கிறார்கள். சீட்டு அவர்களுக்குப் புதிதல்ல, 304 ஆடி வளர்ந்த கைகள். தடுமாற்றமும் அங்கேதான் தொடங்குகிறது. 304இல் ஜாக் 30, ஒன்பது 20. 21ஐத் தாண்டாமல் டீலரை முந்தப் பார்க்கும் பிளாக்ஜாக்கில் ஜாக், ராணி, ராசா எல்லாம் வெறும் 10, ஒன்பது ஒன்பதேதான். சீட்டை மேசையில் ஓங்கி அடிக்கும் பழக்கத்தையும் ஊரிலேயே விட்டுவிடுங்கள்.

டீலிங்கைப் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். ஒரு கைக்கு ஆயிரக்கணக்கான டொலர் வைக்கிறவரைக் கசினோ எப்படிக் கணக்குப் பார்க்கிறது என்பது பிட் (ஆட்ட மேசைகள் உள்ள பகுதி) சுப்பர்வைசராகும்போதுதான் கைக்கு வரும். அதை முன்கூட்டியே படித்து வைப்பது நல்லது.

முதலில் தியோ

வாடிக்கையாளர் இன்று எவ்வளவு தோற்றார் என்பதை வைத்துக் கசினோ அவரை மதிப்பதில்லை. அவர் ஆடிய ஆட்டத்துக்குச் சராசரியாக எவ்வளவு தோற்க வேண்டும் என்பதுதான் கணக்கு. பிட்டில் அதைத் தியோ என்பார்கள்.

சராசரிப் பந்தயம் × மணித்தியாலத்துக்கு எத்தனை கை × எத்தனை மணித்தியாலம் × கசினோ அனுகூலம் (பந்தயத்தில் சராசரியாகக் கசினோவுக்கு மிஞ்சும் பங்கு).

1,000 டொலர், மணிக்கு 100 கை, 3 மணித்தியாலம், அனுகூலம் 0.5 சதவீதம் என்றால் தியோ 1,500 டொலர். இதில் 30 முதல் 40 சதவீதத்தை அறை, சாப்பாடு, விமானச் சீட்டு என்று திருப்பிக் கொடுப்பது வழமை. அதாவது 450 முதல் 600 டொலர் வரை. அவர் அன்று 40,000 தோற்றிருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. கோபத்தில் நிற்கிறவரிடம் இதை விளக்கப் போகாதீர்கள்.

பிழை பெரும்பாலும் முதல் இரண்டு எண்களில்தான் வரும். சுப்பர்வைசர் பக்கத்தில் நிற்கும்போது 3,000 வைத்து, அவர் திரும்பியதும் 500க்கு இறங்குகிறவர்கள் உண்டு. முதல் பந்தயத்தை மட்டும் ரேட்டிங் கார்டில் (வாடிக்கையாளரின் ஆட்டத்தைப் பதியும் அட்டை) எழுதினால் கொடுக்கத் தேவையில்லாத சலுகையைக் கொடுத்துவிடுவீர்கள். கால் மணிக்கு ஒருமுறை பார்த்துப் பதியுங்கள். வேகமும் அப்படித்தான்: நிறைந்த மேசையில் மணிக்கு 50, 60 கைதான் ஓடும். தனியாக உட்கார்ந்தவருக்கு 200 வரை போகும்.

விதிகளைப் பேரம் பேசும்போது

பெரிய ஆள் அறையை மட்டும் கேட்கமாட்டார், மேசை விதியையும் மாற்றச் சொல்வார். மென் 17இல் (ஏஸை 11ஆக எண்ணி வரும் 17) டீலர் நிற்க வேண்டும் என்றால் கசினோ அனுகூலத்தில் ஏறத்தாழ 0.2 சதவீதம் போகும். ஒரே மதிப்புள்ள இரண்டு சீட்டை இரு கையாகப் பிரித்தபின் பந்தயத்தை இரட்டிக்க விட்டால் 0.14. பாதி பந்தயத்தோடு கையை விட்டுக்கொடுக்க அனுமதித்தால் இன்னும் கொஞ்சம். தனித்தனியே பார்த்தால் சில்லறைதான். மொத்தமே 0.5 சதவீதம் உள்ள இடத்தில் மூன்றையும் கொடுத்தால் என்ன மிஞ்சும் என்று கூட்டிப் பாருங்கள்.

பிளாக்ஜாக்குக்கு (முதல் இரண்டு சீட்டே ஏஸும் 10 மதிப்புச் சீட்டுமாக வருவது) 3:2 இல்லாமல் 6:5 கொடுக்கும் மேசையில் கசினோவுக்கு 1.4 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும். ஏறத்தாழ 21 கைக்கு ஒரு பிளாக்ஜாக் விழுகிறது, ஒவ்வொரு 1,000க்கும் 1,500 போக வேண்டிய இடத்தில் 1,200 போகிறது. விஷயம் தெரிந்த பணக்காரர் அந்த மேசையில் உட்காரவே மாட்டார். சின்னப் பந்தயக்காரர்தான் உட்காருவார்.

நட்டக் கழிவு: இங்கேதான் கசினோ வழுக்கி விழுகிறது

தோற்றால் தொகையில் ஒரு பங்கைத் திருப்பித் தருகிறோம் என்பதுதான் நட்டக் கழிவு. 20 சதவீதம் என்றால் பெரிதாகத் தெரியாது, 80 நமக்குத்தானே என்று தோன்றும். கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

மேலே பார்த்த 3 மணித்தியாலத்தில், அதாவது 300 கையில், 0.5 சதவீதப்படி கசினோ எதிர்பார்ப்பது 1.5 பந்தயம்தான். ஆனால் முடிவு அந்தளவில் நிற்பதில்லை. மூன்றில் இரண்டு தடவை 20 பந்தயத்துக்குள் மேலும் கீழும் ஆடும், மற்றத் தடவை அதையும் தாண்டும். வென்ற நாளைச் சுழியம் என்று வைத்து, தோற்ற நாட்களின் நட்டத்தை எல்லா நாளுக்கும் சராசரிப்படுத்தினால் ஏறத்தாழ 8.7 பந்தயம் வரும். அதில் 20 சதவீதம் 1.7. வருவது 1.5, கொடுப்பது 1.7. மூன்று மணித்தியாலம் ஆடிவிட்டு எழும்புகிறவருக்குக் கசினோதான் சம்பளம் கொடுக்கிறது.

அதே ஆள் 1,200 கை ஆடினால் எதிர்பார்ப்பு 6 பந்தயம், கழிவு ஏறத்தாழ 3.8. இப்போது கசினோவுக்கு மிச்சம் உண்டு. எனவே கழிவு தருவதென்றால் ஆகக்குறைந்த கைகளையும் மணித்தியாலங்களையும் எழுத்தில் வாங்குங்கள். ஒவ்வொரு நாளையும் தனியாகக் கணக்கு முடிக்காமல் முழுப் பயணத்துக்கும் ஒரே கணக்காக வையுங்கள். நாளுக்கு நாள் முடித்தால், வென்ற நாள் முழுவதும் அவருக்கு, தோற்ற நாளில் ஒரு பங்கு உங்களுக்கு நட்டம். கழிவையும் விதிச் சலுகையையும் ஒரே ஆளுக்குச் சேர்த்துக் கொடுக்க வேண்டாம்.

அமெரிக்காவில் டொன் ஜோன்சன் என்ற பெரும் பந்தயக்காரர் இதைத்தான் பயன்படுத்தினார். 2010 கடைசியிலிருந்து 2011 ஏப்ரல் வரை அட்லாண்டிக் சிட்டியின் மூன்று கசினோக்களில் ஏறத்தாழ 1.5 கோடி டொலர் வென்றார். அவற்றில் ஒன்றான ட்ரொபிக்கானாவில் மட்டும் 60 இலட்சத்துக்குக் கிட்ட. சீட்டை எண்ணவில்லை, ஏமாற்றவில்லை. 20 சதவீதக் கழிவையும் நல்ல விதிகளையும் ஒன்றாகக் கேட்டார், வியாபாரம் மந்தமாக இருந்த கசினோக்கள் ஒப்புக்கொண்டன. கை நிரம்பியதும் எழும்பினார்.

மேசையில்

பெரிய சிப்பைச் சின்னதாக்கினாலும் சின்னதைப் பெரிதாக்கினாலும் உரக்கச் சொல்லி, கமராவுக்குத் தெரிய மேசையில் பரப்பி எண்ணுங்கள். 1,750 பந்தயத்துக்குப் பிளாக்ஜாக் விழுந்தால் 2,625. இந்த மாதிரித் தொகைகளை மனதில் போட்டுப் பழகாவிட்டால் மேசை நின்றுவிடும். சீட்டை எப்போதும் ஒரே ஒழுங்கில் பொறுக்கி அடுக்குங்கள். தகராறு வந்தால் அந்த அடுக்கைப் பின்னோக்கி விரித்து முழுக் கையையும் திரும்பக் காட்டலாம். ஒழுங்கு குலைந்தால் கமராவை மட்டுமே நம்பி நிற்க வேண்டும். தகராறில் இருக்கும் சீட்டையோ சிப்பையோ சுப்பர்வைசர் வரும்வரை தொடாதீர்கள்.

எண்ணுகிறவர்

விழுந்த சீட்டுகளை மனதில் எண்ணி, மிச்சத்தில் பெரிய சீட்டு அதிகமா என்று பார்க்கிறவர் இவர். விழும் சீட்டில் 2 முதல் 6 வரை கூட்டல் ஒன்று, 7 முதல் 9 வரை பூச்சியம், 10 முதல் ஏஸ் வரை கழித்தல் ஒன்று. இதை நீங்களும் பழகுங்கள். எண்ணிக்கை ஏறும்போது பந்தயமும் ஏறுகிறதா, டீலரின் ஏஸுக்கு எதிரான காப்புறுதிப் பந்தயத்தை (டீலருக்குப் பிளாக்ஜாக் என்று வைக்கும் பக்கப் பந்தயம்) அப்போது மட்டும் எடுக்கிறாரா என்று பாருங்கள். ஒரு ஷூ (கலைத்த சீட்டுக்கட்டுகளை வைத்துப் போடும் பெட்டி) முழுக்கக் கவனிக்காமல் முடிவெடுக்க வேண்டாம். வெறும் ஆசையில் பந்தயத்தை ஏற்றுகிறவர்தான் அதிகம்.

மனதில் எண்ணுவது மோசடியல்ல, குற்றம் சாட்டிப் பேசாதீர்கள். ஆறு கட்டில் 312 சீட்டு. கட் கார்டை (இது வந்ததும் கலைக்க வேண்டும் என்று காட்டும் அட்டை) ஒரு கட்டுக்குப் பதில் இரண்டு கட்டு பின்னால் விடும்படி வைத்தாலே எண்ணுகிறவரின் வாய்ப்புக் குறையும். நடு ஷூவில் புதிதாக யாரையும் சேர்க்காமலும் விடலாம். 1982இல் நியூஜேர்சி உச்ச நீதிமன்றம், எண்ணுகிறார் என்பதற்காகக் கசினோ தானாக ஒருவரை வெளியேற்ற முடியாது என்றது. நெவாடாவில் வெளியேற்றலாம். கப்பலில் வேலை என்றால் அந்தக் கம்பனியின் விதியைக் கேட்டறியுங்கள்.

காசும் கடவுச்சீட்டும்

கொடுக்கல் வாங்கல் 3,000 டொலரோ அதற்கு மேலோ என்றால் ஆளை அடையாளம் காண வேண்டும், இது பன்னாட்டு அளவுகோல். இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நிதிக் கொடுக்கல் வாங்கல் அறிக்கையிடல் சட்டம் கசினோக்களையும் கட்டுப்படுத்துகிறது. நிறையச் சிப் வாங்கி, இரண்டு கை ஆடி, திருப்பிக் காசாக்குகிறவரையும், 3,000க்குக் கொஞ்சம் கீழாகத் துண்டு துண்டாக வாங்குகிறவரையும் மேலே அறிவியுங்கள். அவருக்கு மட்டும் அதைச் சொல்லிவிடாதீர்கள்.

வெறியில் தள்ளாடுகிறவருக்குக் கடன் மார்க்கர் (கசினோவில் ஆடுவதற்கான கடன் பத்திரம்) எழுதக் கூடாது. டெரன்ஸ் வட்டனபே என்ற நெப்ராஸ்கா வணிகர் 2007இல் லாஸ் வேகஸில் 12.7 கோடி டொலர் தோற்றார், அது பின்னர் வழக்காகவும் மாறியது.

வாடிக்கையாளர் எழும்பியதும் நேரத்தையும் கையில் கொண்டுபோன சிப் தொகையையும் கார்டில் உடனே எழுதுங்கள். சட்டைப் பையில் போட்ட சிப்பும் அதில் சேரும். இரவு இரண்டு மணிக்கு வேறு மேசையில் அதே சிப்போடு வந்து உட்கார்ந்தால், அதைப் புதுக் காசு என்று எழுதிவிடும் சுப்பர்வைசர்கள் எந்தக் கசினோவிலும் உண்டு.