கவர்னர் ஜெனரல் தேவையா? பட்டிமன்றத்துக்குத் தயாராகும் முறை

‘மன்னரின் பிரதிநிதியாகக் கவர்னர் ஜெனரல் இன்னும் தேவையா?’ காரைக்குடிப் பக்கம் கல்லூரி விழாவிலோ ஊர்ப் பட்டிமன்றத்திலோ இந்தத் தலைப்பைக் கொடுத்தால், முதல் வேலை எல்லை கட்டுவது. கட்டாவிட்டால் இரண்டாவது பேச்சாளர் வருவதற்குள் பேச்சு நம் மாநில ஆளுநரிடம் போய் நிற்கும். கைதட்டல் கிடைக்கும், தலைப்பு தொலைந்துவிடும். நம் ஆளுநரை நியமிப்பவர் குடியரசுத் தலைவர். அங்கே மன்னருக்கு இடமே இல்லை. கவர்னர் ஜெனரல், பிரிட்டிஷ் மன்னரைத் தம் மன்னராகவும் ஏற்றிருக்கும் நாடுகளில் அவர் பெயரால் கடமை செய்பவர். ஆஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து, ஜமைக்கா உட்பட 14 நாடுகளில் இன்றும் உண்டு. இதை நடுவர் தம் தொடக்கவுரையிலேயே சொல்லிவிட வேண்டும்.

கூட்டத்தைத் தலைப்புக்குள் இழுக்க ராஜாஜி போதும். 1948 ஜூன் முதல் 1950 ஜனவரி 26 வரை அந்தப் பதவியில் இருந்த ஒரே இந்தியர் அவர். இலங்கையில் 1972 வரை இந்தப் பதவி இருந்தது. கொழும்பில் கொண்டுவிற்று வணிகம் செய்த குடும்பத்துப் பெரியவர்களுக்கு, இந்தப் பதவிக்கு அங்கே வழங்கிய ‘மகாதேசாதிபதி’ என்ற பெயரைச் சொன்னால் சட்டென்று விளங்கும்.

அடுத்து, பதவியை மூன்றாகப் பிரித்துக் குறிப்பெடுங்கள்: சடங்கு, நெருக்கடிக் கால அதிகாரம், நியமனம். முதலாவதில் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டாம். மாளிகை, அணிவகுப்பு, செலவு என்று பேசினால் எதிரணி ‘குடியரசுத் தலைவருக்கும் மாளிகை உண்டே’ என்று ஒரே வரியில் முடித்துவிடும்.

வலுவெல்லாம் இரண்டாவதில் இருக்கிறது. ஆஸ்திரேலியா, 1975. மேலவையான செனட் சபை, அரசு செலவுக்குப் பணம் ஒதுக்கும் மசோதாவை நிறுத்தி வைத்தது. நவம்பர் 11 அன்று கவர்னர் ஜெனரல் ஜான் கெர், கீழவைப் பெரும்பான்மை இருந்த பிரதமர் கஃப் விட்லமைப் பதவி நீக்கினார். ‘வேண்டாம்’ அணி இதோடு நிறுத்திக்கொள்ளும். ‘வேண்டும்’ அணி, டிசம்பரில் நடந்த தேர்தலில் விட்லம் பெரிதாகத் தோற்றதையும், 1999 வாக்கெடுப்பில் குடியரசு யோசனையை மக்களே நிராகரித்ததையும் எடுக்க வேண்டும். கனடாவில் இரு நிகழ்வுகளைச் சேர்த்துச் சொல்லுங்கள்: 1926இல் கவர்னர் ஜெனரல் பைங் பிரபு, பிரதமர் கேட்ட நாடாளுமன்றக் கலைப்பை மறுத்தார், 2008இல் கவர்னர் ஜெனரல் மிஷேல் ஜான், நம்பிக்கை வாக்கெடுப்பு நெருங்கிய நேரத்தில் பிரதமர் கேட்ட நாடாளுமன்ற ஒத்திவைப்பைக் கொடுத்தார். ஒருவர் மறுத்தார், ஒருவர் கொடுத்தார், இருவருமே திட்டு வாங்கினார்கள். எழுதப்பட்ட விதி இல்லாமல் மரபை மட்டும் நம்பினால் இதுதான் நடக்கும்.

கம்பன் விழா வளர்ந்த ஊர் என்பதால் பரதன் சிம்மாசனத்தில் வைத்த பாதுகையை யாராவது கட்டாயம் எடுப்பார்கள். எடுக்கட்டும். ஆனால் பதிலைக் கையில் வைத்திருங்கள்: பாதுகை பரதனைப் பதவி நீக்கவில்லை, கெர் விட்லமை நீக்கினார்.

மூன்றாவதான நியமனத்தைப் பலர் தொடுவதே இல்லை. அதுதான் இந்தப் பதவியின் மூல நோய் என்பது எங்கள் உறுதியான கருத்து. பெரும்பாலான நாடுகளில் பிரதமர் சொல்லும் பெயரை மன்னர் நியமிக்கிறார். அதே பிரதமர் சொன்னால் நீக்கவும் வேண்டும். யார் முந்துவது என்ற பயம் அங்கேதான் பிறக்கிறது. விட்லமை முன்கூட்டி எச்சரித்திருந்தால் தம் பதவி போயிருக்கும் என்பதே கெர் பின்னாளில் சொன்ன காரணம். பப்புவா நியூ கினியில் நாடாளுமன்றமே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறது. ‘பதவி இருக்கட்டும், நியமன முறை மாறட்டும்’ என்று பேசுவோருக்கு இது நல்ல ஆதாரம். ‘வேண்டாம்’ அணி பார்படாஸைக் காட்டலாம்: 2021 நவம்பர் 30 அன்று அது குடியரசானபோது, கவர்னர் ஜெனரலாக இருந்த சாண்ட்ரா மேசனே முதல் குடியரசுத் தலைவரானார்.

அணிக்கு மூவர், ஆளுக்கு எட்டு நிமிடம் என்றால் ஒவ்வொருவரும் இரண்டு நிகழ்வுக்கு மேல் எடுக்க வேண்டாம். யாருக்கு எது என்று முந்தைய நாளே பங்கு போடுங்கள்; இல்லையேல் மூவரும் 1975ஐயே பேசுவார்கள். ஆண்டையும் பெயரையும் சிறு அட்டையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மணி அடித்த பிறகு புது நிகழ்வைத் தொடங்காதீர்கள். நடுவர் தீர்ப்பில் ‘இரண்டும் சரி’ என்று நழுவக் கூடாது. மூன்று பகுதிகளில் எது தம்மை ஒரு பக்கம் சாய்த்தது என்று சொல்லியே தீர்ப்பளிக்க வேண்டும்.