யாழ்ப்பாணத்தில் முதலீட்டுக்குக் காணி வாங்குகிறீர்களா? விலை பேச முன்னர் கிணற்றையும் அயலையும் பாருங்கள்

நாலு பரப்புக் காணி வாங்கி, இரண்டு சின்ன வீடு கட்டி, வாடகைக்கு விடுவது: முதன்முதலாக இறங்குகிறவர்கள் போடும் வழக்கமான கணக்கு இது. வரகுப் பரப்பு ஒன்று 10 பேர்ச், ஆகவே நாலு பரப்பு 10,890 சதுர அடி. உறுதியில் (காணிப் பத்திரத்தில்) இருப்பது நெற்பரப்பு என்றால் அளவு வேறு. அதை முதலே கேட்டுவிடுங்கள்.

குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறுகூட மாரியில் மட்டுமே ஓடும். குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் சுண்ணக்கல்லுக்குள் தேங்கிய மழைநீர்தான். அது கடல்நீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது பொதுக் கணக்கு. மேலே ஓர் அடி குறைந்தால் கீழே உப்பு எவ்வளவு ஏறும் என்று அதிலேயே தெரியும். உங்கள் வளவில் நீங்கள் செய்வது பக்கத்து வளவுக் கிணற்றில் தெரிய வரும்.

படி 1: உறுதியோடு ஆட்களையும் விசாரியுங்கள்

காணிப் பதிவகத்தில் தோம்பு (காணிப் பதிவேடு) பார்ப்பதை நொத்தாரிசு செய்வார். குறைந்தது 30 வருடத்துக்குப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் விற்பவரிடம் கேட்க வேண்டியது, காணி அவருக்கு எப்படி வந்தது என்பது. முதுசொமா (பரம்பரைச் சொத்து), சீதனமா, தேடிய தேட்டமா (மணமான பின் சம்பாதித்தது)? யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை மூன்றையும் வெவ்வேறாக நடத்துகிறது. விற்பவர் தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் என்றால் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். பங்குக் காணி என்றால் மற்றப் பங்காளருக்கும் உரித்தாளருக்கும் வாங்குவதில் முன்னுரிமை உண்டு. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதைச் சொல்கிறது. நொத்தாரிசு மூலம் அறிவித்தல் கொடுக்காமல் வாங்கினால் பிறகு வழக்கு வரும். "கனடாவில இருக்கிற தம்பி ஒண்டும் சொல்லமாட்டார்" என்ற பேச்சைச் சம்மதமாக எடுக்காதீர்கள்.

விலை மிகக் குறைவாக இருந்தால் காரணத்தைத் தேடுங்கள். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்களும், அதே வருடம் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களும் விட்டுப்போன காணிகள் பல கைமாறியிருக்கின்றன. பத்து வருடத்துக்கு மேல் ஆண்டு வந்தோம், அதனால் எங்களுடையது என்பதை மட்டும் காட்டி விற்கப்படும் காணியை, உரிமையாளர் போரால் ஊருக்கு வர முடியாதிருந்தவர் என்றால், நாங்கள் தொடவே வேண்டாம் என்போம். 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அப்படியானவர்களுக்கு எதிராகக் கணக்கெடுக்கக்கூடாது என்பதற்காகவே 2016இல் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது.

அடுத்து, இன்று அந்தக் காணியைப் பாவிப்பவர் யார்? குத்தகைக்குத் தோட்டம் செய்பவர் இருந்தால் அறுவடை வரை தவணை கொடுத்து எழுத்தில் வையுங்கள். வயல் என்றால் பயிரிடும் குத்தகைக்காரருக்குச் சட்டப் பாதுகாப்பே உண்டு. உறுதியின் கடைசியில் கிணற்றுப் பங்கு, வழிவாய்க்கால் உரித்து என்று வரும் வரிகளை விரல் வைத்து வாசியுங்கள். பங்குக் கிணற்றை மதிலுக்குள் அடைத்துவிட்டால் நாலு வீட்டின் குடிநீர் நின்றுபோகும். ஊர்ச் சண்டைகளில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

படி 2: தண்ணீரைச் சோதியுங்கள்

மாரிக்கு முன், ஆவணி புரட்டாதியில் மாதிரி எடுங்கள். மழைக்குப் பிறகு எடுத்தால் உப்பு மறைந்து நல்ல தண்ணீர்போலக் காட்டும். கேட்க வேண்டியவை: நைத்திரேற்று (லீற்றருக்கு 50 மில்லிகிராம் உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை), குளோரைட்டு (உப்பு), ஈ.கோலை (மலக் கிருமி). 100 மில்லிலீற்றரில் ஈ.கோலை ஒன்றும் இருக்கக்கூடாது. கிணறுகளில் எண்ணெய் கலந்ததாக முறைப்பாடு எழுந்த சுன்னாகம் பக்கம் என்றால் எண்ணெய்ச் சோதனையையும் சேருங்கள். நைத்திரேற்றைக் கொதிக்க வைத்து அகற்ற முடியாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும்.

படி 3: எந்தத் தரை?

கோண்டாவில், உரும்பிராய், புன்னாலைக்கட்டுவன் பக்கத்துச் செம்பாட்டு மண்ணில் வெங்காயமும் வாழையும் விளைகிறது. அதன்மேல் சீமெந்து கொட்டினால் திரும்பக் கிடைக்காது. பழைய வீடு இடிந்து கிடக்கும் வளவு இருக்கும்போது தோட்டக்காணியைத் தேடிப் போகாதீர்கள். வயலை நிரப்ப வேண்டுமென்றால் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் முடியாது. கடற்கரையில் உயர்நீர் மட்டத்திலிருந்து 300 மீற்றர் வரை கரையோரம் பேணல் திணைக்களத்தின் எல்லை. பனை தறிக்கவும் அனுமதி வேண்டும். மணல் இறக்கும்போது அனுமதிப்பத்திரத்தைக் கேளுங்கள்.

பெருமழை நாளில் ஒருமுறை போய் நின்று பாருங்கள். வெள்ளம் எங்கிருந்து வந்து எந்த ஒழுங்கையால் போகிறது? அந்த வழியில் கிறவல் கொட்டி இரண்டடி உயர்த்தினால் உங்கள் முற்றம் காயும், அயல்வீட்டுக் குசினிக்குள் தண்ணீர் நிற்கும்.

படி 4: மலக்குழி

அதிகம் பிழை விடுகிற இடம் இது. அடி திறந்த குழியைத் தோண்டிவிட்டு அதைச் செப்ரிக் ராங் என்பார்கள். "இருபது வருடமாக இறைக்கவேயில்லை" என்று பெருமையாகச் சொன்னால், அது சுண்ணக்கல் வெடிப்பு வழியாகக் கிணறுகளுக்குள் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இரண்டு அறை உள்ள, அடியும் சுவரும் கொங்கிறீட்டால் அடைத்த தாங்கி கட்டுங்கள். மூடுவதற்கு முன் தண்ணீர் நிரப்பி, மட்டத்தில் கரிக்கோடு போட்டு, 24 மணிநேரம் விடுங்கள். நீர் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் மேசனுக்கு மிச்சக் காசு கொடுக்க முன் பூசச் சொல்லுங்கள். கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் 50 அடி என்று வழக்கமாகச் சொல்வார்கள். இந்தக் கல்லில் 100 அடி விடுவது நல்லது. நீளம் குறைந்த வளவில் இரண்டு வீட்டுக்கும் ஒரே தாங்கியாகக் கட்டி, அயலவர் கிணறு எந்தப் பக்கம் என்று பார்த்து எதிர்ப்பக்கத்தில் வையுங்கள். அயல் கிணற்றுக்கு உள்ள தூரத்தையும் அளக்க மறப்பவர்களே அதிகம்.

படி 5: மழையைத் திருப்பிக் கொடுங்கள்

1,500 சதுர அடிக் கூரையில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால், வீணாவது போக 5,500 லீற்றர் அளவில் பிடிக்கலாம். கூரையைக் கழுவி வரும் முதல் 140 லீற்றரை ஒதுக்கிவிட்டு மிச்சத்தைத் தாங்கிக்கு விடுங்கள். மேலதிகமானது 4க்கு 4 அடி, 5 அடி ஆழக் குழிக்குப் போகட்டும். கீழே கல், மேலே மணல். கிணற்றுக்குள் நேரடியாகக் குழாய் விடாதீர்கள், காக்கை எச்சமும் சேர்ந்தே இறங்கும். இலை அடைத்தால் குழி ஒரு மாரியிலேயே செத்துவிடும். ஐப்பசிக்கு முன் மேல் மணலை மாற்றுங்கள்.

படி 6: வாடகை ஒப்பந்தம்

சாதி, சமயம், ஊர் கேட்டு வீடு மறுப்பது இங்கே இன்னும் நடக்கிறது. அந்தக் கேள்விகளைத் தரகரும் கேட்கக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லுங்கள். முற்பணம், அதைத் திருப்பும் நாள், மலக்குழி இறைக்கும் செலவு யாருடையது, மோட்டார் ஒரு நாளைக்கு எத்தனை மணிநேரம் என்பவற்றை எழுதுங்கள். கோடையில் பெரிய மோட்டார் தொடர்ந்து ஓடினால் கீழிருக்கும் உப்பு மேலே ஏறும். அரைக் குதிரைவலு மோட்டாரும் மேல்தாங்கியும் இரண்டு வீட்டுக்குப் போதும்.