க்ளிகா நேராவுக்கு நடந்து போவது எப்படி

கிரீஸ் நாட்டைச் சேர்ந்த கிரீட் தீவின் தென்கரையில் ஒரு கூழாங்கல் கடற்கரை இருக்கிறது. அதன் பெயர் க்ளிகா நேரா. கிரேக்க மொழியில் 'இனிப்புத் தண்ணீர்' என்று பொருள். நாம் 'நல்ல தண்ணீர்' என்று சொல்வதைத்தான் அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள். கடலுக்கு ஐந்தாறு அடி தள்ளிக் கல்லைக் கிளறினால் உப்பில்லாத குளிர்ந்த நீர் ஊறுகிறது. அங்கே சாலை கிடையாது. ஒன்று நடக்க வேண்டும், இல்லையென்றால் படகில் போக வேண்டும். நான் சொல்வது ஒன்றுதான்: போகும்போது நடந்து போங்கள், திரும்பும்போது படகில் வாருங்கள்.

இதைக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு பயணங்கள் ஆயின. முதல் முறை ஜூலை மாதம், காலை பதினொரு மணிக்கு, ஒரே ஒரு லிட்டர் தண்ணீரோடு கிளம்பினேன். பாதையில் நிழல் என்பதே இல்லை. பாதி தூரத்தில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பாறையில் சாய்ந்து உட்கார்ந்து, இருந்த கொஞ்சத் தண்ணீரையும் குடித்துவிட்டுத் திரும்பினேன். எதிரே வந்த ஒரு தம்பதி தங்கள் பாட்டிலில் பாதியை எனக்கு ஊற்றிக் கொடுத்தார்கள். அவர்கள் வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன். ஆகவே ஆளுக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாமல் எடுத்துக்கொள்ளுங்கள். கடற்கரையில் ஊற்று இருக்கிறதே என்று எண்ண வேண்டாம். தாகம் எடுப்பது வழியில்தான்.

நடை தொடங்கும் ஊரான ஹோரா ஸ்ஃபாகியோன் போய்ச் சேருவது எளிது. ஏதென்ஸிலிருந்து, கிரீட்டின் வடகரை நகரமான ஹனியாவுக்கு விமானம் உண்டு. ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்தில் இரவுக் கப்பல் ஏறினால் விடியற்காலையில் ஹனியாவை ஒட்டிய சூடாவில் இறங்கலாம். ஹனியாவிலிருந்து ஹோரா ஸ்ஃபாகியோனுக்குக் கேடெல் என்ற நிறுவனத்தின் பஸ், ஏறக்குறைய இரண்டு மணி நேரம். வடகரையிலிருந்து மலைமேல் ஏறி, ஆஸ்கிஃபூ சமவெளியைக் கடந்து, கொண்டை ஊசி வளைவுகளில் லிபியக் கடலை நோக்கி இறங்கும். இறங்கும்போது கடல் தெரியும் பக்கமாக உட்காருங்கள். பஸ் அடிக்கடி கிடையாது, பருவத்துக்குப் பருவம் நேரமும் மாறும். முந்தின நாளே பஸ் நிலையத்தில் கேட்டுவிடுங்கள்.

அன்றே நடக்கப் பார்க்காதீர்கள். ஹோரா ஸ்ஃபாகியோனில் ஓர் இரவு தங்குங்கள். சின்னத் துறைமுகம். 1941 மே மாதக் கடைசியில், ஜெர்மானியப் படையிடம் தீவை இழந்த நேச நாட்டு வீரர்கள் மலையைக் கடந்து வந்து கப்பல் ஏறியது இங்கேதான். இடம் கிடைக்காமல் கரையிலேயே சிறைப்பட்டவர்களும் ஆயிரக்கணக்கில் உண்டு. அதற்கான நினைவுச் சின்னத்தின் அருகே சிறிது நேரம் நில்லுங்கள். இரவுச் சாப்பாட்டுக்கு ஸ்ஃபாகியப் பிட்டா கேளுங்கள். புதிய பாலாடைக்கட்டியை மாவுக்குள் வைத்துப் போளி போலத் தட்டிச் சட்டியில் சுட்டு, மேலே தேன் ஊற்றித் தருவார்கள். அந்தத் தேனுக்காகவே இன்னொரு முறை போகலாம்.

நான் தங்கிய விடுதியை ஒரு மூதாட்டி நடத்தினார். எல்லோரும் அவரை 'யாயா' என்று அழைத்தார்கள். பாட்டிக்கு அதுதான் கிரேக்கச் சொல். நம் ஆயாவுக்கு அருகே வந்துவிட்டதே என்று மகிழ்ச்சியாக இருந்தது. காலையில் கிளம்பும்போது வாசலில் நிறுத்தி, "முதலில் கடலைப் பார், பிறகு பாதையைப் பார்" என்றார். தெற்கிலிருந்து அலை எழும்பி வந்தால் படகுகள் ஓடாது. படகு இல்லையென்றால் திரும்பவும் நடைதான். அன்று கடல் தட்டாகக் கிடந்தது. இரண்டு வெள்ளரிக்காயைக் கையில் கொடுத்து அனுப்பினார்.

காலை ஏழு மணிக்கு நடக்கத் தொடங்குங்கள். ஊரிலிருந்து மேற்கே அனோபோலி போகும் தார்ச் சாலையில் சுமார் இரண்டரை கிலோமீட்டர். முதல் கொண்டை ஊசி வளைவில் சாலை வலப்பக்கம் திரும்பி மேலேறும். அந்த முனையில்தான் ஒற்றையடிப் பாதை பிரிகிறது. ஐரோப்பாவைக் குறுக்கே கடக்கும் இ-4 நெடும்பாதையின் ஒரு துண்டு அது; மஞ்சளும் கறுப்புமான அடையாளங்கள் இருக்கும். காலை வெயில் முதுகுப்பக்கம் விழுவதால் கண் கூசாது.

அடுத்து வரும் பகுதிதான் பலரைத் தயங்க வைக்கிறது. செங்குத்துப் பாறையைக் குடைந்து போட்ட வழி. வலப்பக்கம் மலை, இடப்பக்கம் கீழே கடல், கைப்பிடி கிடையாது. எதிரே ஆள் வந்தால் ஒருவர் பாறையோடு ஒட்டி நிற்க வேண்டும். உயரம் கண்டால் தலைசுற்றும் இயல்புடையவர்கள் வலக்கையைப் பாறையில் வைத்தபடி, நான்கடிக்கு முன்னே மட்டும் பார்த்து நடங்கள். நான் அப்படித்தான் கடந்தேன். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் நின்று பாருங்கள், நடந்துகொண்டே பார்க்காதீர்கள். மேலே ஆடுகள் மேய்ந்தால் கல் உருண்டு வரும். மணிச்சத்தம் தலைக்கு மேல் கேட்டால் அந்த இடத்தைச் சட்டென்று கடந்துவிடுங்கள். கணுக்காலைப் பிடிக்கும் காலணி வேண்டும்; செருப்பு உதவாது. அதன்பின் பாதை பெரிய பாறைகளுக்கு இடையே இறங்கிக் கரையைத் தொடும். ஊரிலிருந்து கணக்கிட்டால் நிதானமான நடைக்கு ஒன்றரை மணி நேரம்.

இப்போது அந்தத் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பின்னால் எழும் மலைத்தொடரின் பெயர் லெஃப்கா ஓரி, வெள்ளை மலைகள். அதன் உச்சியான பாக்னெஸ் 2,453 மீட்டர். முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. பனி உருகினாலும் மழை பெய்தாலும் நீர் மேலே தங்காது. வெடிப்புகளில் இறங்கி, மலைக்குள்ளேயே பயணம் செய்து, கடல் மட்டத்தில் வெளியே வருகிறது. மலையின் முன்பக்கம் அத்தனை வறண்டு கிடக்க, அடியில் இப்படியொரு ஓட்டம்! பாறை அடிவாரத்தை ஒட்டிக் கையால் ஒரு முழம் தோண்டினேன். முதலில் கலங்கலாக ஊறியது. சிறிது நேரம் காத்திருந்தேன், தெளிந்தது. ஒரு வாய் அள்ளிக் குடித்தேன், பல் கூசியது. கடலில் நீந்தும்போதும் அதே நீரைச் சந்திப்பீர்கள். நல்ல தண்ணீர் உப்பு நீரைவிட எடை குறைந்தது என்பதால் மேலே மிதக்கும். வெதுவெதுப்பான கடலில் நீந்திக்கொண்டிருக்கையில் திடீரென்று மார்பில் ஒரு குளிர்ப்பட்டை உரசிப் போகும். நான் அதைத் தேடித் தேடி நீந்தினேன்.

இந்த ஊற்றுகளை நம்பித்தான் அங்கே வருபவர்கள் சமைக்கிறார்கள், குடிக்கிறார்கள். அதனால் கெஞ்சிக் கேட்கிறேன்: ஊற்றுக் குழியில் சோப்புப் போட்டுக் குளிக்காதீர்கள், வெயிலுக்குப் பூசிய களிம்போடு அதற்குள் கால் வைக்காதீர்கள். குப்பையைத் திரும்ப எடுத்து வாருங்கள். கூடாரம் போட்டிருப்பவர்களைப் பார்ப்பீர்கள், ஆனால் கிரேக்கச் சட்டப்படி திறந்த வெளியில் கூடாரமடிக்கத் தடை உண்டு. சிலர் ஆடையில்லாமல் குளிப்பார்கள். பல ஆண்டுகளாக இருந்துவரும் வழக்கம்தான். அவர்கள் இருக்கும் பக்கம் கேமராவைத் திருப்பாமல் இருந்தால் போதும்.

செங்குத்துப் பாறையின் நேர் கீழே நிழலுக்காகப் படுக்காதீர்கள்; கல் விழும் இடம் அது. குடையோ துணியோ கொண்டுபோய் நீர்ப்பக்கமாக இருங்கள். ஜூலை, ஆகஸ்டில் நண்பகல் கல் உள்ளங்காலைச் சுடும். செப்டம்பர் பிற்பாதிதான் எனக்குப் பிடித்த காலம்: வெயில் தணிந்திருக்கும், கடலில் கோடை வெப்பம் மிச்சமிருக்கும்.

திரும்பும் படகு, கோடைக்காலத்தில் ஹோரா ஸ்ஃபாகியோனுக்கும் உண்டு, மேற்கே லூத்ரோவுக்கும் உண்டு. அன்றைய கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதை முந்தின மாலையே துறைமுகத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கையில் ரொக்கம் வைத்திருங்கள். கால் ஓயவில்லையென்றால் லூத்ரோவுக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நடக்கலாம். அதுவும் சாலையில்லாத ஊர். பைபிளில் அப்போஸ்தலர் நடபடிகளின் 27ஆம் அதிகாரத்தில், பவுலை ஏற்றிச் சென்ற கப்பல் குளிர்காலத்தைக் கழிக்க அடைய நினைத்து, புயலால் அடைய முடியாமல் போன துறைமுகம் இதுதான் என்று பலர் கருதுகிறார்கள்.

கிளம்பும் முன், தோண்டிய குழியைக் கல் போட்டு மூடிவிடுங்கள். பொழுது சாய்ந்தபின் நடந்து வரும் யாராவது காலை விட்டுவிடக் கூடாது.