சிட் பேரட்டைக் கேட்க வைப்பது எப்படி: பெங்களூரில் ஒரு மாலைக் கூட்டத்துக்கான வழிகாட்டி

பிங்க் ஃப்ளாய்ட் என்ற பிரித்தானிய ராக் குழு என்றதும் பெங்களூர்த் தமிழர்களில் பலருக்கு நினைவுக்கு வருவது 1973-க்குப் பிந்தைய இசைதான். ரெஸ்ட் ஹவுஸ் சாலை பீக்கோஸ் மதுக்கூடத்தில் பழைய ராக் கேட்டு வளர்ந்தவர்களும், 2002-இல் அரண்மனை மைதானத்தில் குழுவின் முன்னாள் பாடகர் ரோஜர் வாட்டர்ஸ் பாடியதை நேரில் கேட்டவர்களும் சிட் பேரட்டின் பெயரை அறிவார்கள். அவருடைய கிதாரை அறிந்தவர்கள் குறைவு. குழுவுக்குப் பெயர் வைத்து, அதன் முதல் பாடல்களை எழுதி, 22 வயதில் அதிலிருந்து விலக்கப்பட்ட ஒருவரை 'மனம் குலைந்த மேதை' என்ற ஒரே வரியில் முடித்துவிடுவது பழக்கமாகிவிட்டது. நண்பர்கள் பத்துப் பேரைக் கூட்டி, அவர் அந்தக் குழுவில் எதை விட்டுச் சென்றார் என்று ஒரே மாலையில் காதால் உணரச் செய்ய விரும்புவோருக்காக இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பேரட்டின் தாக்கம் இரண்டு வகைப்பட்டது. குழுவில் இருந்தபோது அவர் கற்றுக்கொடுத்த ஒலி ஒருவகை. அது 1968 முதல் 1971 வரையிலான இசையில் ஓடுகிறது. அவர் இல்லாமல் போனதால் மற்றவர்களுக்குக் கிடைத்த பாடுபொருள் இன்னொரு வகை. அது 1973 முதல் 1979 வரை தொடர்கிறது. இரண்டாவது வகைக்குக் கதைச்சுவை அதிகம் என்பதால் அது முதலாவதை விழுங்கிவிட்டது. எனவே உங்கள் கூட்டத்தில் கதையைப் பாதி வழிக்கு மேல்தான் சொல்ல வேண்டும். அவரை நினைத்துக் குழு பின்னாளில் பாடிய 'ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்' பாடலை முதலில் போட்டுவிட்டால், அதன் பிறகு ஒலிப்பது எல்லாமே இரங்கல் கூட்டத்தின் இசையாகத்தான் கேட்கும்.

இடத்தைப் பொறுத்தவரை, அல்சூரில் ஒரு வீட்டுக் கூடமோ வைட்ஃபீல்டில் ஓர் அடுக்கக மன்றமோ போதும். சாலைப் பக்கம் இல்லாத அறையாக இருக்க வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிட முடிகிற நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். இது வீண் கண்டிப்பு அல்ல என்பது கடைசிப் பாடலில் புரியும். ப்ளூடூத் பெட்டி ஒன்றே இருந்தால், இரவல் வாங்கியாவது இரண்டு ஸ்பீக்கர்களை இடமும் வலமுமாக வையுங்கள். குழுவின் முதல் இசைத்தட்டான 'தி பைப்பர் அட் தி கேட்ஸ் ஆஃப் டான்' என்பதன் பிரித்தானியப் பதிப்பையே எடுங்கள்; அன்றைய அமெரிக்கப் பதிப்பில் பாடல் வரிசை மாற்றப்பட்டது, தொடக்கப் பாடலே அதில் இல்லை.

முதலில் 1967 மார்ச்சில் வெளியான 'ஆர்னால்ட் லேன்'. கொடியில் காயும் பெண்களின் துணிகளைத் திருடும் ஒருவனைப் பற்றிய மூன்று நிமிடப் பாட்டு இது. கேம்பிரிட்ஜில் உண்மையாகவே நடந்த திருட்டு இதன் பின்னணி. அவையில் சிரிப்பு எழும்; எழட்டும். பேரட்டின் முதல் இயல்பு விளையாட்டுத்தனம் என்பது அந்தச் சிரிப்பிலேயே பதிந்துவிடும். அடுத்து, அதே ஆண்டு ஜூனில் வந்து பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் ஆறாம் இடம்வரை ஏறிய 'சீ எமிலி ப்ளே'. இதன் மெட்டை இரண்டு முறை ஒலிக்கவிடுங்கள். ஏன் என்று அப்போது சொல்ல வேண்டாம்.

பிறகு பெயர்க் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். பிங்க் ஆண்டர்சன், ஃப்ளாய்ட் கவுன்சில் என்ற இரு அமெரிக்க ப்ளூஸ் பாடகர்களின் முதற்பெயர்களை ஒட்டி பேரட் உருவாக்கிய பெயர் அது. அவர் ஓவியம் படிக்க லண்டன் கேம்பர்வெல் கலைக் கல்லூரிக்கு வந்தவர் என்பதையும், சந்த் மத் என்ற இந்திய ஆன்மிக வழியில் சேர விரும்பித் திருப்பி அனுப்பப்பட்டவர் என்பதையும் போகிற போக்கில் சொன்னால் போதும். இரண்டாவது செய்தி நம்மவர்களைக் கவரும் என்பதால் அதையே பிடித்துக்கொண்டு நேரத்தைக் கரைத்துவிடாதீர்கள்.

மாலையின் உயிர்நாடி 'இன்டர்ஸ்டெல்லார் ஓவர்டிரைவ்'. 1967 ஆகஸ்டில் வெளியான 'தி பைப்பர் அட் தி கேட்ஸ் ஆஃப் டான்' இசைத்தட்டில் ஏறக்குறைய பத்து நிமிடம் ஓடும் இந்த வாத்திய இசையை நடுவில் வெட்டாமல் முழுமையாகப் போடுங்கள். படிப்படியாக இறங்கும் ஒரு கிதார்த் தொடர் தொடங்கும், சிறிது நேரத்தில் அது கலையும், தாளம் கரையும், யார் எதை வாசிக்கிறார் என்று பிரிக்க முடியாத ஒரு வெளி உருவாகும், கடைசியில் அதே தொடர் திரும்பி வரும்போது ஒலி இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் இடையே அலைபாயும். கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு, பல்லவியை நிறுவி, அதை விட்டு வெகுதூரம் போய், மீண்டும் அதில் வந்து இறங்கும் பயணத்தோடு ஒப்பிட்டுச் சொன்னால் இது எளிதில் பிடிபடும். இங்கே கணக்கு காப்பாற்றப்படுவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். பேரட் சிகரெட் லைட்டரைக் கிதார் தந்திகளின் மேல் வழுக்கி வாசித்து, அந்த ஒலியை பின்சன் எக்கோரெக் என்ற இத்தாலிய எதிரொலிக் கருவி வழியே அனுப்புவார். அவரிடம் விரல் வேகம் குறைவு. ஒலியின் நிறத்தைத் தேடுவதுதான் அவருடைய வேலை.

ஒலியாகத் தொடர்ந்த தாக்கத்தை மெய்ப்பிக்கும் இடம் அடுத்தது. 'அஸ்ட்ரானமி டோமினி' பாடலின் 1967 பதிவையும், பேரட் விலகிய பின் 1969-இல் வந்த 'உம்மகும்மா' இசைத்தட்டின் மேடைப் பதிவையும் அடுத்தடுத்துப் போடுங்கள். முதலாவது நான்கு நிமிடம். இரண்டாவது எட்டு நிமிடத்துக்கு மேல். பேரட் எழுதிய பாடலைக் குழு கைவிடவில்லை. பேரட்டின் இடத்துக்கு வந்த கிதார்க் கலைஞர் டேவிட் கில்மோர் அதை விரித்து, அதற்கு ஒழுங்கு கொடுத்தார். அதே பாடலைக் கில்மோரின் தலைமையில் இருந்த குழு 1994 உலகப் பயணத்தில் மறுபடியும் மேடையேற்றியது. நீண்ட வாத்தியப் பகுதி, எதிரொலி, வழுக்கும் கிதார் ஆகியவை 1971-இன் 'எக்கோஸ்' வரை எப்படிப் போகின்றன என்பதைச் சொல்லி, அந்தப் பாடலின் முதல் மூன்று நிமிடங்களை மட்டும் ஒலிக்கவிடலாம். முழுதாகப் போட்டால் 23 நிமிடம். அதற்குள் தேநீர் ஆறிவிடும்.

இங்கே இடைவேளை விடுங்கள். பேரட் விலகிய கதை இடைவேளைக்குப் பிறகு.

1967-இன் இறுதியில் பேரட் மேடையில் அசையாமல் நிற்பதும், ஒரே நாதத்தை மீட்டிக்கொண்டிருப்பதும் தொடங்கியது. 1968 ஜனவரியில் கில்மோர் ஐந்தாம் ஆளாகச் சேர்க்கப்பட்டார். சில நிகழ்ச்சிகளுக்குப் பின், ஒருநாள் வழியில் பேரட்டை ஏற்றிக்கொள்ளாமலேயே வண்டி போய்விட்டது. ஏப்ரலில் அவர் விலகியதாக அறிவிப்பு வந்தது. எல்எஸ்டி என்ற போதைப்பொருள், மன அழுத்தம், திடீர்ப் புகழ் என்று காரணங்கள் அடுக்கப்படும்போது, நோயின் பெயரைச் சூட்டும் உரிமையை நீங்களும் எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தப் பகுதியை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு 'ஜக்பேண்ட் ப்ளூஸ்' போடுங்கள். இரண்டாம் இசைத்தட்டின் கடைசிப் பாடலான இதுவே அதில் உள்ள அவருடைய ஒரே படைப்பு. தன்னை இங்கே இருப்பதாக நினைத்ததற்கு நன்றி சொல்வது போலத் தொடங்கும் இந்தப் பாடலின் நடுவே சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பின் ஊதுகுழல் குழு ஒன்று வந்து கலந்து போகும். தன் நிலையை அவரே குழுவை விடத் தெளிவாகப் பார்த்திருக்கிறார் என்பது என் எண்ணம். கேட்பவர்கள் தாமாகவே அதை உணர இடம் கொடுங்கள்.

இனி, அவர் இல்லாமையிலிருந்து பிறந்த பாடல்கள். 1973-இன் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' இசைத்தட்டிலிருந்து 'பிரெய்ன் டேமேஜ்' ஒன்று போதும். குழு வேறு மெட்டை வாசிக்கத் தொடங்கிவிட்டால் என்ன ஆகும் என்று அதில் வாட்டர்ஸ் எழுதிய வரிக்கு, சற்றுமுன் நீங்கள் சொன்ன கதையே உரையாகிவிடும். 1979-இன் 'தி வால்' இசைத்தட்டுக் கதையின் நாயகனுக்கும் பேரட் ஓரளவு முன்மாதிரி என்று ஒரு வாக்கியத்தில் சொல்லிக் கடந்துவிடுங்கள்.

நிறைவாக 'ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்'. 1975-இன் 'விஷ் யூ வேர் ஹியர்' இசைத்தட்டின் முன்னும் பின்னுமாகப் பிரித்து வைக்கப்பட்ட ஒன்பது பகுதிகளையும் சேர்த்துப் போட்டால் சுமார் 26 நிமிடம். தொடக்கத்தில் தனியே விழும் நான்கு கிதார் ஸ்வரங்களைக் காட்டுங்கள். கில்மோர் வாசித்த அந்தத் தொடரைச் சுற்றியே பாடல் வளர்ந்தது. அந்த இசைத்தட்டுக்கான வேலை நடந்துகொண்டிருந்த 1975 ஜூனில், தலைமுடியும் புருவமும் மழித்து, உடல் பருத்து, அழைப்பின்றி அபே ரோடு ஒலிப்பதிவுக்கூடத்துக்கு வந்த பேரட்டைப் பழைய நண்பர்களே முதலில் அடையாளம் காணவில்லை. இந்தச் செய்தியை, பாடலின் முதல் பாதி முடிந்ததும் சொல்லுங்கள். புகைப்படத்தைக் காட்ட வேண்டாம், அதைப் பார்த்தால் அவையின் காது மூடிக்கொள்ளும்.

மின்விசிறியை நிறுத்தச் சொன்னது ஒன்பதாம் பகுதிக்காக. பாடல் மங்கி மறையும் கடைசி விநாடிகளில், குழுவின் கீபோர்டு கலைஞர் ரிச்சர்ட் ரைட் தன் சிந்தசைசரில் 'சீ எமிலி ப்ளே' மெட்டின் ஒரு கீற்றை மெல்லிதாக வாசித்துச் செல்கிறார். தொடக்கத்தில் இரண்டு முறை கேட்டவர்களில் யாராவது ஒருவர் தலை நிமிர்வார். யாரும் கவனிக்காவிட்டால் அந்த அரை நிமிடத்தை மட்டும் மீண்டும் ஓட்டுங்கள்.

கேள்வி நேரத்தில், குழுவை வளர்த்தவர் பேரட்டா கில்மோரா என்ற சண்டை வரும். அதை நீள விடாமல், 1970-இல் வந்த பேரட்டின் இரண்டு தனி இசைத்தட்டுகளிலும் கில்மோர் தயாரிப்பாளராக உழைத்தார் என்பதைச் சொல்லுங்கள். 2006-இல் தன் 60-ஆம் வயதில் இறக்கும்வரை பேரட் கேம்பிரிட்ஜில் ஓவியமும் தோட்டவேலையுமாக வாழ்ந்தார் என்பதையும் கேட்பவர்களுக்குத் தெரிவிக்கலாம். மேலும் கேட்க விரும்புவோருக்கு 'தி மேட்கேப் லாஃப்ஸ்' இசைத்தட்டின் இணைப்பை வாட்ஸ்அப் குழுவில் அனுப்புங்கள். அதில் இடறல்களும் பாதியில் நின்று மறுபடி தொடங்கும் இடங்களும் அப்படியே விடப்பட்டிருப்பதால், முதலில் 'ஆக்டோபஸ்' பாடலைக் கேட்கச் சொல்லிவிடுங்கள்.