பழைய சூப்பர்சார்ஜர் காருக்கு இழுவை கூட்டுவது: புல்லியைத் தொடுவதற்கு முன்னால்

"வண்டி பழசாயிடுச்சு, முன்ன மாதிரி இழுக்கல. சின்ன புல்லி போட்டா சரியாயிடுமா?" பழைய சூப்பர்சார்ஜர் கார் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி இதுதான். சூப்பர்சார்ஜரைச் சுற்றும் பெல்ட் சக்கரம்தான் இந்தப் புல்லி, அது சின்னதானால் சூப்பர்சார்ஜர் வேகமாகச் சுற்றும். போடலாம், ஆனால் கடைசியில். ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் தாண்டிய இன்ஜினில் நாம் தேடும் குதிரைகளில் பாதி ஏற்கெனவே உள்ளேதான் இருக்கும், எங்கோ ஓட்டை வழியாகப் போய்க்கொண்டிருக்கும். ஓட்டை மரக்காலால் நெல் அளந்தால் யாருக்கு நஷ்டம்?

என் கார் 2006 மாடல், 1.8 லிட்டர் பெட்ரோல், 1,70,000 கிலோமீட்டர் ஓடியது. கும்பகோணத்தில் வீட்டு வாசலில் வைத்தே நான் செய்ததை அதே வரிசையில் சொல்கிறேன்.

சூப்பர்சார்ஜர் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. அது ஒரு காற்று பம்பு. இன்ஜினின் பிரதான தண்டு முனையில் உள்ள கிராங்க் புல்லியிலிருந்து பெல்ட் வழியாகச் சுற்றி, இன்ஜின் தானாக இழுப்பதைவிட அதிகக் காற்றை உள்ளே தள்ளும். டர்போவைப் போலப் புகையின் வேகத்துக்குக் காத்திருக்காது, மிதித்தவுடன் வரும். ஆனால் சுற்றுவதற்கான சக்தியை இன்ஜினிடமிருந்தே எடுத்துக்கொள்ளும்.

முதல் படி: அளந்து எழுதி வையுங்கள்

டைனோ (வண்டியின் பவரை அளக்கும் இயந்திரம்) தேடி அலைய வேண்டாம். டெல்டாவில் ஒரு சௌகரியம் உண்டு, சாலைகளில் ஏற்ற இறக்கமே இல்லை. விடியற்காலை காலியான பைபாஸில், ஏசி அணைத்து, மூன்றாவது கியரில் 40-லிருந்து 80 வரை எத்தனை வினாடி என்று பக்கத்தில் இருப்பவரைப் போனில் அளக்கச் சொல்லுங்கள். போக ஒருமுறை, வர ஒருமுறை, இரண்டுக்கும் சராசரி. எனக்கு 6.4 வந்தது. கூடவே வண்டிக் கணினியின் எண்களைப் போனில் காட்டும் ஒரு ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனரை மாட்டி, உள்ளே போகும் காற்றின் வெப்பநிலையையும் ஃப்யூயல் ட்ரிம் எண்களையும் (கணினி பெட்ரோலைக் கூட்டினால் பிளஸ், குறைத்தால் மைனஸ்) குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: இன்ஜின் தாங்குமா?

கம்ப்ரஷன் கேஜ் ஒன்று வாங்குங்கள், விலை பெரிதில்லை. இன்ஜின் சூடாக இருக்கும்போது எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, பெட்ரோல் பம்பு ஃப்யூஸையும் எடுத்துவிட்டு, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். கேஜ் முள் ஏறி நிற்கும் எண்ணை ஒவ்வொரு சிலிண்டருக்கும் எழுதுங்கள். அதிகமானதற்கும் குறைந்ததற்கும் 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு. இரண்டில் எது என்றாலும் பவர் கூட்டும் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு இன்ஜின் வேலையைப் பாருங்கள். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் ஓரிரு வினாடி சங்கிலி கலகலப்பது கேட்டால், டைமிங் செயினையும் பார்க்கச் சொல்லுங்கள். செயின் நீண்டால் வால்வுகளைத் திறக்கும் கேம் பின்தங்கும், இழுவையும் போகும்.

மூன்றாம் படி: காற்றுக் கசிவு

நிஜமான வேட்டை இதுதான். போன தை மாதம், சம்பா அறுவடை முடிந்த சமயம், என் வண்டி ஐட்லிங்கில் நடுங்க ஆரம்பித்தது. ஒரு மெக்கானிக் அண்ணன் போனட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "தம்பி, சூப்பர்சார்ஜரே போச்சு, மாத்தணும்" என்றார். சரி, மாற்றும் முன் ஒரு சோதனை என்று வீட்டுக்கு வந்தேன்.

ஹார்டுவேர் கடையில் ஒரு பிவிசி மூடி, பஞ்சர் கடையில் ஒரு டியூப்லெஸ் வால்வு. மூடியில் துளை போட்டு வால்வைப் பொருத்தினால் கருவி தயார். உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சாருக்கு அடுத்த குழாயைக் கழற்றி, அதன் வாயில் இந்த மூடியை கிளாம்ப் போட்டு இறுக்கி, டயர் பம்பால் 5 பி.எஸ்.ஐ வரை மட்டும் காற்று ஏற்றுங்கள். அதற்கு மேல் போனால் ஆயில் சீல்கள் வெளியே தள்ளிவிடும். பாத்திரம் தேய்க்கும் சோப்புக் கரைசலை ஸ்ப்ரே செய்து, இன்டர்கூலர் (அழுத்திய காற்றை ஆற்றும் ரேடியேட்டர்) முனைகள், கிளாம்ப்கள், கிராங்க்கேஸ் காற்றுக் குழாய்கள் எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

எனக்கு சூப்பர்சார்ஜருக்குப் பின்னால், கட்டைவிரல் பருமன் ரப்பர் குழாயின் அடிப்பக்கத்தில் நுரை பொங்கியது. கண்ணாடி வைத்துப் பார்த்தால், உளியால் வெட்டியது போல் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பல் தடம். அறுவடை முடிந்ததும் வயல் எலி கதகதப்புக்கு எங்கே வரும் என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குழாய் அறுநூறு ரூபாய்.

ஸ்கேனர் எண்களும் இந்தக் கதையைத்தான் சொல்லியிருந்தன, எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை. ஐட்லிங்கில் உள்ளே வெற்றிடம், அதனால் அளக்கப்படாத காற்று ஓட்டை வழியே நுழையும், ட்ரிம் பிளஸ் பக்கம் ஏறும். பூஸ்டில், அதாவது சூப்பர்சார்ஜர் காற்றை அழுத்தித் தள்ளும்போது, அதே ஓட்டை வழியே அளந்த காற்று வெளியே போகும், ட்ரிம் மைனஸுக்குத் திரும்பும். இரண்டும் சேர்ந்து வந்தால் கண்ணை மூடிக்கொண்டு கசிவைத் தேடலாம்.

நான்காம் படி: சூடு

காற்று சூடானால் விரியும், சிலிண்டரில் எடை குறையும். உள்ளே போகும் காற்று 40 டிகிரிக்குப் பதில் 60 டிகிரியாக இருந்தால் சுமார் 6 சதவீதம் காற்று நஷ்டம். அதனால் இன்டர்கூலரைப் பாருங்கள். சாலையில் நெல்லும் வைக்கோலும் காயப்போடும் ஊர் நம்முடையது, பதரும் தூசும் பூச்சியும் துடுப்புகளில் அடைத்துக்கொள்ளும். பம்பரைக் கழற்றி, பின்பக்கமிருந்து முன்பக்கமாகத் தோட்டக் குழாய்த் தண்ணீரால் மெதுவாகக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் கன்னைக் கிட்டே காட்டினால் துடுப்பு மடங்கிவிடும்.

ஐந்தாம் படி: சில்லறை வேலைகள்

பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், பிளக், ஏர் ஃபில்டர். பெல்ட் வழுக்கினால் பூஸ்ட் வராது, அவ்வளவுதான். சூப்பர்சார்ஜருக்குத் தனி ஆயில் உண்டு, 'ஆயுள் முழுக்க' என்று சொன்னாலும் இத்தனை வருடத்தில் அது கருத்து நாறும். யூனிட்டைக் கழற்றி வைத்து, அதற்கென்று விற்கும் ஆயிலை மட்டும் ஊற்றுங்கள்.

இவ்வளவும் முடித்து மறுபடி அளந்தபோது எனக்கு 5.4 வினாடி. ஒரு புதிய பவர் பார்ட்டும் போடவில்லை. நிறையப் பேர் இங்கேயே திருப்தியாகிவிடுவார்கள், அதில் தப்பில்லை.

ஆறாம் படி: இப்போது புல்லி

சூப்பர்சார்ஜர் புல்லியின் விட்டத்தை 10 சதவீதம் குறைத்தால் அது சுமார் 11 சதவீதம் வேகமாகச் சுற்றும். உங்கள் பூஸ்ட் 6 பி.எஸ்.ஐ என்றால், வளிமண்டலத்தின் 14.7-ஐயும் சேர்த்து 20.7. அதில் 11 சதவீதம் கூடினால் 23, அதாவது 8-க்குக் கொஞ்சம் மேல் பூஸ்ட். காகிதக் கணக்கு இது. சூடு கொஞ்சம் தின்றுவிடும். பழைய இன்ஜினுக்கு இதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம் என்பது என் கருத்து.

புல்லியோடு ஈ.சி.யு ரீமேப்பும் வேண்டும், அதாவது இன்ஜின் கணினியின் கணக்கைப் புது பூஸ்டுக்குத் தக்கபடி மாற்றுவது. ஒரு படி குளிர்ச்சியான பிளக்கைக் கொஞ்சம் குறைந்த இடைவெளியில் போடுங்கள். பெட்ரோல் எக்ஸ்பி95 போன்ற உயர் ஆக்டேன் வகையாக இருக்கட்டும். எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் நாக்கிங்கை (சிலிண்டருக்குள் பெட்ரோல் தானாகவே வெடித்து டக்டக் என்று தட்டுவது) தாங்கும், ஆனால் அதே வேலைக்குச் சுமார் 7 சதவீதம் அதிகம் செலவாகும், ஆகவே இன்ஜெக்டரில் மிச்சம் இருக்கிறதா என்று ரீமேப் செய்பவரிடம் கேளுங்கள். பழைய ரப்பர் பெட்ரோல் குழாய்களையும் மாற்றிவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, வண்டியைத் தயாரிப்பாளரின் குறிப்பிலிருந்து மாற்றுவதற்குக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் முதலில் விசாரித்துவிடுங்கள்.

புல்லி போட்டதும் மார்கழி விடியலில் ஓட்டிப் பார்த்துக் குதிக்காதீர்கள், குளிர்ந்த காற்றில் எல்லா வண்டியும் நன்றாகத்தான் ஓடும். சித்திரை மத்தியானம், ஏசி போட்டு, நான்கு பேர் ஏறி, தஞ்சாவூர் வரை போய்வாருங்கள். நாக்கிங் சத்தம் கேட்டாலோ, நாக் சென்சார் சொல்வதை வைத்து ஈ.சி.யு ஸ்பார்க் டைமிங்கைத் தொடர்ந்து பின்னுக்கு இழுப்பது ஸ்கேனரில் தெரிந்தாலோ, அன்றைக்கே பழைய புல்லியைத் திரும்ப மாட்டுங்கள்.