விளிம்பு வரை போகாத கால்: பார்க்கூர் விளையாட்டில் நாம் விழும் இடங்கள்

"மாமா, லைன் சரியில்ல!"

அக்கா மகன் ஒவ்வொரு முறை கீழே விழும்போதும் இதைத்தான் சொல்வான். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானுக்கு, அதாவது குடியிருப்புக்குப் பின்னாலேயே செம்பனைத் தோட்டம். மழை இறங்கினால் இணைய லைன் ஆடும், அது உண்மைதான். ஆனால் அவன் விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் அதுவல்ல. பார்க்கூர் என்றால் பிளாக்குக்குப் பிளாக், அதாவது கட்டைக்குக் கட்டை, தாவிப் போவது. ரோப்லாக்ஸ் ஆகட்டும், மைன்கிராஃப்ட் ஆகட்டும், திரையில் உங்கள் ஆள் குதிப்பதைக் கணக்குப் போடுவது உங்கள் கையில் இருக்கும் போன்தான், எங்கோ இருக்கும் சர்வர் அல்ல. லைன் கெட்டால் ஆள் பின்னுக்கு இழுபடுவான், நகரும் பலகை தத்தித் தத்தி வரும். அசையாமல் நிற்கும் பிளாக்கில் தவறினால் அது விரல் செய்த வேலை. லைனைத் திட்டிக்கொண்டிருக்கும் வரை அந்த விரலைக் கவனிக்கவே மாட்டோம்.

விரல் செய்யும் பெரிய தப்பு, முன்னாடியே குதிப்பது. மைன்கிராஃப்டில் நாலு பிளாக் இடைவெளியை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிண்ட் (வேக ஓட்டம்) இல்லாமல் அதைத் தாண்டவே முடியாது. ஸ்பிரிண்ட் இருந்தும் பலர் விழுவார்கள், ஏனென்றால் பயம் விளிம்புக்கு முன்பே பட்டனை அழுத்த வைக்கிறது. உங்கள் ஆளின் அகலம் 0.6 பிளாக். அதாவது அவன் நடுப்புள்ளி விளிம்பைத் தாண்டி 0.3 பிளாக் வெளியே போன பிறகும் அவன் விழமாட்டான். பார்த்தால் காற்றில் நிற்பது போல இருக்கும், ஆனால் கணக்குப்படி இன்னும் பிளாக்கின் மேல்தான் நிற்கிறான். அந்த 0.3-ஐப் பயன்படுத்தாமல் அரை பிளாக் முன்பே எம்பினால் நாலு பிளாக் கிடைக்காது. விளையாட்டு ஒரு விநாடியை 20 டிக்காகப் பிரித்து ஓடுகிறது. ஸ்பிரிண்டில் ஒரு டிக்குக்கு ஏறக்குறைய 0.28 பிளாக் நகர்கிறோம். ஒரு டிக் அவசரப்பட்டாலே அந்த 0.3 கிட்டத்தட்ட முழுதும் போய்விடும்.

இதற்கு நான் அவனுக்குச் சொன்ன வழி: ஒரு தடவை தாண்டவே வேண்டாம், ஷிஃப்டை (பதுங்கி நடக்கும் பட்டன்) அழுத்தியபடி மெதுவாக விளிம்புக்குப் போ. ஷிஃப்ட் பிடித்திருந்தால் விழமாட்டாய். எவ்வளவு தூரம் வெளியே தொங்க முடிகிறது என்று கண்ணால் பார். பார்த்தான். "இவ்ளோவா?" என்றான். அதன் பிறகு அவன் விழுந்தது பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி வேறு கதை.

ஆட்டோ ஜம்ப் இருந்தால் அணைத்துவிடுங்கள், நீங்கள் கேட்காத நேரத்தில் குதிக்கும். ரோப்லாக்ஸ் ஆபியில் (தடை தாண்டும் ஆட்டத்தில்) ஷிஃப்ட் லாக்கைப் போட்டுப் பழகுங்கள், கேமரா பார்க்கும் பக்கமே ஆள் திரும்புவான். போனில் விளையாடுகிறவர்களுக்கு வியர்வைதான் எதிரி. எங்கள் வீட்டில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தாலும் மத்தியானத்தில் கட்டைவிரல் ஈரம்தான். கேரம் பவுடரைக் கொஞ்சம் தொட்டுக்கொள்வான், பாட்டி பார்த்தால் திட்டுவார்.

அடுத்த தப்பு, செக்பாயிண்ட் (விழுந்தால் அங்கிருந்தே திரும்பத் தொடங்கும் இடம்) இல்லாத கோபுரத்தில் போய்ப் பழகுவது. ரோப்லாக்ஸில் 2018-இல் வந்த 'டவர் ஆஃப் ஹெல்' அப்படிப்பட்டது. வழியில் ஒரு செக்பாயிண்டும் கிடையாது. 8 நிமிடம் முடிந்தால் கோபுரமே மாறிவிடும். யாராவது உச்சியைத் தொட்டால் கடிகாரம் இன்னும் வேகமாக ஓடும். மேலே ஒரு கஷ்டமான தாண்டலைப் பழகவேண்டும் என்றால் ஒவ்வொரு முறையும் அடியிலிருந்து ஏறவேண்டும். ஐந்து நிமிடம் ஏறி, ஒரே ஒரு முறை முயற்சி. அங்கே போட்டி போடுங்கள். பழக்கத்தைச் செக்பாயிண்ட் உள்ள ஆபியில் வைத்துக்கொள்ளுங்கள். சில ஆபியில் ரோபக்ஸ் (காசு கொடுத்து வாங்கும் ரோப்லாக்ஸ் நாணயம்) கொடுத்தால் கட்டத்தைத் தாண்டிவிடலாம், ஆனால் அடுத்த கட்டம் இதைவிடக் கடினமாகத்தான் இருக்கும். கரைவது அக்காவின் சம்பளம்.

கோபத்தோடு தொடர்ந்து ஆடுவதைப் பற்றி எனக்குப் பேச அருகதை இல்லை. போன வருடம் ஒரே தாண்டலில் நாற்பது தடவைக்கு மேல் விழுந்து, மவுஸை மேசையில் குத்தி இடது பட்டனை உடைத்தேன். கோபத்தில் கை விறைக்கும், விறைத்த கை முன்னாடியே அழுத்தும், மறுபடி அதே 0.3. ஆனாலும் ஏன் விடமுடியவில்லை? இதில் அதிர்ஷ்டம் என்று ஒன்று இல்லை. நிலையான பிளாக் நேற்று இருந்த இடத்தில்தான் இன்றும் இருக்கும். ஒரே மாதிரி ஓடி ஒரே டிக்கில் அழுத்தினால் ஒரே இடத்தில்தான் இறங்குவீர்கள். மனிதரைப் பைத்தியமாக்குவதும் இதுதான், மறுநாள் திரும்ப உட்காரவைப்பதும் இதுதான்.

கடைசியாக ஒன்று, இதை நான் நேரிலேயே பார்த்தேன். கஷ்டமான தாண்டலை முடித்த கையோடு ஆள் தளர்ந்துவிடுவான். போன ஞாயிறு நாலு பிளாக்கை அவன் சுத்தமாகத் தாண்டினான். "மாமா, பாத்தீங்களா!" என்று போனை என் பக்கம் திருப்பிக்கொண்டே நடந்தான். அடுத்தது வெறும் ஒரு பிளாக் இடைவெளி.